கொன்றது அரசே ஆயினும் ஒறுத்தல் வேண்டும்!

ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் காவலர் வருவர், கட்டி இழுத்துச் செல்வர், வழக்கு நடக்கும், குற்றம் மெய்ப்பட்டால் வாழ்நாள் சிறையோ தூக்கோ கிடைக்கும். இஃது ஊரறிந்த முறை. ஆனால், ஓர் அரசே தன் ஆட்சிக்குள் வாழும் மக்களுள் ஓரினத்தாரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டங் கூட்டமாகக் கொன்றால், எந்தக் காவலர் வருவர்? எந்த மன்றம் உசாவும்? ஒருவனைக் கொன்றவன் கொலைஞன். பல்லாயிரவரைக் கொன்றவனோ பெரும்படைத் தலைவன்! அவன் மார்பில் விருதுகள் தொங்கும். அயல்நாட்டில் தூதுவர் இருக்கையும் அவனுக்குக் கிடைக்கும். 2009-இல் வன்னிப் படைகளுக்குத் தலைமை தாங்கிய சகத் செயசூரியா பின்னர்ப் பிரேசில் நாட்டுத் தூதுவராக அமர்த்தப்பெற்றதையும், 2017 ஆகத்தில் அங்கே அவர்மேல் வழக்குத் தொடுக்க முயன்றபொழுது அவர் அந்நாட்டை விட்டு அகன்றதையும் நாம் மறந்துவிடவில்லை.

இந்த முறைகேட்டை ஒழிப்பதற்கென்றே உலகம் ஒரு புதுக் குற்றப் பெயரை வகுத்தது. மாந்தப் பேரினத்திற்கே பகையான குற்றம் என்பது அதன் பொருள். மாந்தப் பகைக் குற்றம் என நாம் சுருங்கச் சொல்வோம். அதனை எந்த நாடு எவ்வாறு ஒறுக்கின்றது, இந்திய அரசு ஏன் ஒறுக்க மறுக்கின்றது, தமிழ்மக்களாகிய நாம் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

மரக்காணம் உப்பளக் கடற்கரையை அறியாத தமிழர் இலர். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பர் ஆய்வாளர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பேசப்பெறுகின்றன. ஓராயிரம் ஆண்டுகளாக வெண்ணுப்புக் குவித்துத் தமிழர்க்கு ஊட்டிய நெய்தல் நிலம் இது. இன்று அந்நிலத்திற்கு இன்னொரு வரலாறும் சேர்ந்துள்ளது. மரக்காணத்திலிருந்து தெற்கே, புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊரில் ஈழத்தமிழ் ஏதிலியர் குடியிருப்பு ஒன்று நெடுங்காலமாக உள்ளது. 1983, 1990 எனக் கொலைவெறி எழுந்தபொழுதெல்லாம் அலையலையாகக் கடல் கடந்து வந்த நம் உடன்பிறப்புகளுக்காகத் தமிழகத்தில் அமைந்த நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. அவற்றில் அரை இலக்கத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2021-இல் தமிழ்நாட்டரசு அவற்றின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாறியது நன்றே. ஆனால், அவர்களை இரக்கத்திற்குரியவர்களாகவே இன்னும் பார்க்கின்றோம். வேறொரு பெரும் உண்மையை மறந்துவிட்டோம். அவர்கள் சான்றாளர்கள்! உலக அறமன்றத்தின் முன் நின்று, 'யான் கண்டேன்' எனச் சொல்லத்தக்கவர்கள் நம் உப்பளக் கரையிலேயே மூப்பெய்திக் கொண்டிருக்கின்றனர்.

மாந்தப் பகைக் குற்றம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிதல் வேண்டும். 1945-இல் செருமானிய நாசிகளை உசாவ நூரம்பெர்க்கு நகரில் அமைந்த மன்றத்தின் சட்டத்தில் இப்பெயர் இடம்பெற்றது. 1948-இல் இனக்கொலைத் தடுப்பு உடன்படிக்கை உருவாயிற்று. 1998 சூலை 17-இல் உரோம் நகரில் ஏற்கப்பெற்று, 2002 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் குற்றவியல் மன்றச் சட்டத்தின் ஏழாம் பிரிவு இதனை விளக்குகின்றது. பொதுமக்களுக்கு எதிராகப் பரந்த அளவிலோ ஒழுங்குபட்ட திட்டத்துடனோ நடத்தப்பெறும் தாக்குதலின் பகுதியாக, அறிந்தே செய்யப்படும் கொலை, முற்றழிப்பு, அடிமைப்படுத்தல், நாடுகடத்தல், வன்சிறை, துன்புறுத்தல், பெண்களைச் சிதைத்தல், ஆள்களைக் காணாமற் செய்தல் முதலியன இக்குற்றமாகும்.

ஒவ்வொரு கலகமும் இக்குற்றம் ஆகிவிடாது. 2013 ஏப்பிரலில் இதே மரக்காணத்தில் சாதிப் பகையால் வீடுகள் எரிந்தன, அது கொடுமையே, ஒறுக்கத்தக்கதே. ஆயினும் அதனைப் பொதுக் குற்றவியல் சட்டமே உசாவலாம். திட்டமும் அமைப்பும் ஆட்சி வலிமையும் பின்னின்று, ஒரு மக்கள்திரளையே இலக்காக்கும்பொழுதுதான் பொதுச்சட்டம் போதாமற் போகின்றது. ஏன் போதாது? மூன்று கரணியங்கள் உள.

முதலாவது, பொதுச்சட்டம் குத்தியவனைத் தேடும். குத்தச் சொன்னவனையும், தடுக்கும் ஆற்றல் இருந்தும் தடாதிருந்தவனையும் எளிதில் தொடாது. மாந்தப் பகைக் குற்றச் சட்டமோ கீழோர் செய்த கொடுமைக்கு மேலோனையும் பொறுப்பாக்கும். இரண்டாவது, பொதுச்சட்டத்தில் அரசு அலுவலன்மேல் வழக்குத் தொடுக்க அரசின் இசைவே வேண்டும். கொன்ற கையிடமே சென்று ஒப்புதல் கேட்பது போன்றது இது. பன்னாட்டுச் சட்டத்தில் முடியுடை மன்னனுக்கும் குடியரசுத் தலைவனுக்கும் விலக்கில்லை. ஆண்டுகள் பல கழிந்தன என்று தப்பவும் இயலாது. மூன்றாவது, பொதுச்சட்டம் நாட்டெல்லையோடு நின்றுவிடும்; இக்குற்றமோ மாந்தர் அனைவர்க்கும் பகையாகலின், குற்றவாளி எந்நாட்டில் அடிவைப்பினும் அந்நாட்டு மன்றம் அவனை உசாவலாம்.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2022 சனவரி 13-இல் செருமனியின் கோப்ளென்சு நகர மன்றம், சிரிய நாட்டு உளவுத்துறை அலுவலர் ஒருவர்க்கு வாழ்நாள் சிறை விதித்தது. குற்றம் நடந்தது திமிசுகு நகரத்துச் சிறையில், கொல்லப்பட்டவர் சிரியர், கொன்றவரும் சிரியர். அங்ஙனமாயின் செருமனிக்கு அங்கு என்ன வேலை? 2002-இல் அந்நாடு இயற்றிக்கொண்ட சட்டமே அதற்கு அவ்வுரிமையைத் தந்தது. சான்று சொன்னவர் யாவர்? அதே சிறையில் துன்புற்று உயிர் பிழைத்து, செருமனிக்கு ஏதிலியராய் வந்து சேர்ந்தவர்களே! ஏதிலியரின் வாய்மொழியும், தங்கிய நாட்டின் சட்டமும் சேர்ந்தபொழுது, உலகப் பெருமன்றங்கள் எவையும் தலையிடாமலேயே குற்றவாளி ஒறுக்கப்பட்டான்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கீழ்ப்புத்துப்பட்டில் வாழும் ஓர் ஈழத்தாய், தன் மகனை இழுத்துச் சென்ற படைத்தலைவனைச் சென்னை மருத்துவமனை ஒன்றின் வாயிலில் நாளை கண்டுவிட்டால் என்ன நடக்கும்? அவள் காவல்நிலையத்திற்கு ஓடலாம், கதறலாம். ஆனால், அங்குள்ள அலுவலர் எழுதுவதற்கு ஒரு சட்டப்பிரிவு இல்லை! இந்தியச் சட்ட நூலில் மாந்தப் பகைக் குற்றம் என்றொரு குற்றமே கிடையாது. இனக்கொலை உடன்படிக்கையை 1959-இல் உறுதிசெய்த இந்தியா, அதனை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை. துன்புறுத்தலுக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்டது; இன்னும் உறுதிசெய்யவில்லை. உரோம் சட்டத்தின்மேல் வாக்கெடுப்பு நடந்தபொழுது வாக்களியாது ஒதுங்கியது. இன்றும் அதில் உறுப்பு நாடாகச் சேரவில்லை.

இதனை நாம் மட்டும் சொல்லவில்லை. 1984-இல் தில்லியில் சீக்கியர் கொல்லப்பட்ட வழக்கொன்றில், 2018 திசம்பர் 17-இல் தில்லி உயர்வழக்குமன்றத்தின் நடுவர்கள் முரளிதரும் வினோத் கோயலும் வழங்கிய தீர்ப்பே இக்குறையை வெளிப்படையாகச் சுட்டியது. மாந்தப் பகைக் குற்றமும் இனக்கொலையும் உள்நாட்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை என்றும், இந்த ஓட்டையை விரைந்து அடைத்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நடுவணரசு என்ன செய்தது? வெள்ளையன் இயற்றிய குற்றவியல் சட்டத்தையே நீக்கிவிட்டு, 2024 சூலை முதல்நாள் தொடங்கிப் புதுச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் 'பாரதிய நியாய சன்ஃகிதா' என வடமொழிப் பெயர் சூட்ட நினைவு வந்தது. ஓட்டையை அடைக்க மட்டும் நினைவு வரவில்லை! பெயரை மாற்றினரேயன்றி நடுவர்கள் காட்டிய குறையை மாற்றினரல்லர்.

ஏன் இந்தத் தயக்கம்? 1987 அக்குதோபரில், அமைதிப்படை என்னும் பெயரில் யாழ்ப்பாணம் புகுந்த இந்தியப் படை, அந்நகர்ப் பொதுமருத்துவமனைக்குள் நுழைந்து மருத்துவர், செவிலியர், நோயாளர் எனப் பாராது சுட்டுக் கொன்றது. அதற்காக எவரும் ஒறுக்கப்பட்டிலர். தன் கையிலும் கறையுள்ள அரசு, கறைபட்ட கைகளை ஒறுக்கும் சட்டத்தை விரும்புமா?

இலங்கையின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1983 சூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்ச் சிறையாளர்கள் இருமுறையாகக் கொல்லப்பட்டனர். பூட்டும் காவலும் அரசினுடையவை. எனினும் ஒருவரும் ஒறுக்கப்பட்டிலர். 2000 திசம்பரில் மிருசுவிலில் தமிழர் எண்மர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். அரிதினும் அரிதாக அவ்வழக்கில் படையாள் ஒருவனுக்கு 2015-இல் தூக்கு விதிக்கப்பெற்றது; நாட்டின் உச்ச வழக்குமன்றமும் 2019-இல் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்சே அவனை விடுவித்துவிட்டார். பதினெட்டாண்டு வழக்கின் பயன் ஒரு கையொப்பத்தில் அழிந்தது. செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என ஒரு படையாளே 1998-இல் மன்றத்தில் சொன்னான். 1999-இல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதோடு அம்முயற்சி நின்றது. 2025-இல் அதே செம்மணியில் மீண்டும் தோண்டியபொழுது 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றினிடையே ஒரு பள்ளிப் பையும் குழந்தையின் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. மண் கூடக் கரி கூறுகின்றது. மாந்தர் வாய்மூடி இருப்பதோ?

முள்ளிவாய்க்காலில் மாண்டவர் எத்துணையர்? 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய அறிஞர் குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை. 1,46,679 பேர்க்குக் கணக்கில்லை என்றார் மன்னார் ஆயர் இராயப்பு சோசப்பு. அரசே 'தாக்குதலற்ற நிலம்' எனக் குறித்துக் காட்டிய இடங்களிலும், மருத்துவமனைகளிலும் எறிகணைகள் வீழ்ந்தன. காணாமற் போக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்பிரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து, 'எம் பிள்ளைகள் எங்கே?' எனக் கேட்டு வந்துள்ளனர். விடை பெறாமலேயே அவர்களுட் பலர் மறைந்தும் போயினர்.

இத்துணைக்கும் பிறகு இந்தியா என்ன செய்தது? 2009 மே 27-இல், குருதி உலருமுன், செனீவாவில் இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்திற்குத் துணைநின்றது. 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் தமிழகத்தின் கொதிப்பிற்கு அஞ்சி இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014-இல் ஒதுங்கியது. சான்றுகளைத் திரட்டிக் காக்கும் அமைப்பை உருவாக்கிய 2021 மார்ச்சுத் தீர்மானத்தின்போதும், அதற்கு அடுத்த 2022 தீர்மானத்தின்போதும் வாக்களியாது வாளாவிருந்தது. ஏழுகோடித் தமிழரின் வரியைப் பெறும் அரசுக்குத் தமிழரின் குருதிக்காக ஒரு கையைத் தூக்கவும் வலுவில்லை!

'பன்னாட்டு மன்றம் இருக்கின்றதே. அங்குச் செல்லலாமே' என்பார்க்கு ஒன்று சொல்வோம். இலங்கை உரோம் சட்டத்தில் உறுப்பு நாடன்று. ஆகவே ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பினால்தான் அக்குற்றவியல் மன்றம் இதனை முழுமையாக உசாவ இயலும். அங்கோ ஐந்து வல்லரசுகளுள் ஒன்று மறுத்தாலும் கதவு அடைபடும். ஆயினும் எல்லா வாயில்களும் அடைபட்டுவிடவில்லை. இனக்கொலை உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவின்படி ஒரு நாடு மற்றொரு நாட்டை உலக வழக்குமன்றத்திற்கு இழுக்கலாம். உரோகிங்கியா மக்களுக்காக, அவர்தம் இனமும் அல்லாத, அண்டை நாடும் அல்லாத ஆப்பிரிக்கச் சிறுநாடாகிய காம்பியா, 2019 நவம்பரில் மியன்மாவை அவ்வாறு இழுத்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் உள்ள நாடே. ஆனால் இந்தியா அவ்வொன்பதாம் பிரிவைத் தன் இசைவின்றித் தன்மேல் செலுத்தலாகாது என விலக்குக் கேட்டு வைத்துள்ளது. எனவே பிறரை இழுக்கும் தகுதியையும் தானே முடக்கிக்கொண்டது. காம்பியாவுக்கு இருந்த நெஞ்சுரம் தில்லிக்கு இல்லாமற் போயிற்று.

ஈண்டு ஒன்றை மறைவின்றிச் சொல்லுதல் நம் கடன். அறத்தின் துலாக்கோல் நமக்கொன்று, பிறர்க்கொன்று என இருத்தல் ஆகாது. ஐ.நா. அறிக்கைகள் சிங்களப் படைமேல் மட்டுமன்றிப் புலிகள்மேலும் குற்றங்களைக் கூறியுள்ளன. நடுநிலையான மன்றம் அமையட்டும்; அனைத்தும் உசாவப்படட்டும். உண்மைக்கு அஞ்சுவது குற்றமுடையார் இயல்பு; தமிழர்க்கு அவ்வச்சம் வேண்டா. குற்றஞ்சாட்டப்பட்ட அரசே நடுவராக அமர்தல் கூடாது என்பதுதான் நம் கோரிக்கை.

அதுபோன்றே, தமிழன் கையால் தமிழன் அழிந்த கொடுமைகளையும் நாம் மறத்தல் ஆகாது. 1968 திசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவர்குடி மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கீழ்மன்றம் ஒறுத்தது, உயர்வழக்குமன்றமோ விடுவித்தது. செல்வமும் நிலமும் உடைய பெரியோர் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என நம்புதற்கு அரிது என்று அத்தீர்ப்பு கருதியது. தாமே செல்லாமல் ஏவியிருந்தால் மட்டும் என்ன? ஏவியவனையும் பொறுப்பாக்கும் சட்டம் இருந்திருப்பின் அவ்வினாவே எழுந்திராது! 1992 சூன் 20-இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைமக்கள்மேல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து பாய்ந்தன. 18 பெண்கள் சிதைக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலர் 269 பேர். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, 2011 செப்தம்பர் 29-இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்தம்பர் 29-இல் சென்னை உயர்வழக்குமன்றம் அதனை உறுதிசெய்து, அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டது. மேலோர்மேல் கைவைக்க முப்பத்தோராண்டுகள்! அங்கும் கொடுமை செய்தவர் தமிழ் பேசியவரே. முள்ளிவாய்க்காலுக்கு முறை கேட்கும் வாய், வெண்மணிக்கும் வாச்சாத்திக்கும் முறை கேளாதாயின், அவ்வாய்க்கு உலகின்முன் மதிப்பிராது.

ஆகவே நாம் வேண்டுவன இவை:

இந்திய நாடாளுமன்றம் மாந்தப் பகைக் குற்றத்தையும் இனக்கொலையையும் தனிக்குற்றங்களாக்கிச் சட்டம் இயற்றுதல் வேண்டும். அதில் மேலோர் பொறுப்பு தெளிவுறக் கூறப்பட வேண்டும். அரசின் முன்னிசைவு தேவை என்னும் மறைப்பு நீக்கப்பட வேண்டும். எந்நாட்டுக் குற்றவாளியும் இம்மண்ணில் கால்வைத்தால் உசாவப்படும் நிலை வேண்டும்.

மாந்தப் பகைக் குற்றத் தடுப்பிற்கெனத் தனி உடன்படிக்கை செய்ய 2028, 2029 ஆகிய ஆண்டுகளில் மாநாடு கூட்டுவதென 2024 திசம்பரில் ஐ.நா. பேரவை முடிவு செய்துள்ளது. அம்மாநாட்டில் இந்தியா ஒதுங்கி நில்லாமல், வலிவுள்ள உடன்படிக்கை உருவாகத் துணைநிற்றல் வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் இதனை அவையில் எழுப்புதல் வேண்டும்.

தமிழ்நாட்டரசு, சட்டப் பயிற்சி மிக்கோரைக் கொண்டு, கீழ்ப்புத்துப்பட்டு முதலாக எல்லாக் குடியிருப்புகளிலும் சான்று கூற விரும்புவோரின் வாய்மொழியை முறைப்படி பதிவு செய்தல் வேண்டும். அவர்தம் ஒப்புதலோடும், பெயர் வெளிப்படாக் காவலோடும் அது நிகழ்தல் வேண்டும். அவ்வாவணங்கள் ஐ.நா. மனிதவுரிமை அலுவலகத்தின் சான்றுத் திரட்டுக்குச் சென்று சேர்தல் வேண்டும். 2013 மார்ச்சில் ஈழத்தமிழர்க்காகத் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றத்திற்கு இச்சிறு செயல் அரிதன்று.

நாளை திருப்பி அனுப்பப்படுவோமோ என்று அஞ்சுபவர் இன்று வாய்திறவார். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் ஏதிலியர்க்குக் கதவு திறந்து, ஈழத்தமிழரை வெளியே நிறுத்தியது. அக்கொடுமை நீங்கி, வேண்டுவார்க்குக் குடியுரிமை வழங்கப்பட்டாலன்றிச் சான்றாளர்க்குக் காப்பில்லை.

தமிழன்பர்களே! கொலையுண்ட கோவலனுக்காகக் கண்ணகி பாண்டியன் அவையேறினாள். அரசன் தவற்றை அரசன் முன்னேயே நாட்டினாள். ஆன்கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன் என்று நாம் பெருமை பேசுகின்றோம். அரசனும் அறத்திற்கு உட்பட்டவனே என்னும் கொள்கை ஐரோப்பாவில் 1945-இல்தான் பிறந்தது என்பார் பிறக்கட்டும். அது நம் குருதியில் ஊறியது. அப்பெருமை பேச்சோடு நின்றால் பயனில்லை.

சான்றாளர் மூப்படைகின்றனர். ஆண்டுதோறும் சிலர் மறைகின்றனர். அவர்களோடு அவர்கள் கண்டவையும் மறைகின்றன. கொன்றவர்கள் எதிர்பார்த்திருப்பதும் அதனையே. அவர்களின் எதிர்பார்ப்பை முறியடிக்க ஒரு படை வேண்டுவதில்லை. ஓர் எழுதுகோலும், கேட்கும் செவியும், எழுதியதைக் காக்கும் உறுதியும் போதும். வழக்கறிஞராய் உள்ள தமிழர் முதலடி எடுத்துவைக்க; ஆசிரியரும் மாணவரும் துணைநிற்க; அவ்வவ்வூர் அன்பர்கள் தத்தம் பகுதிக் குடியிருப்புகளுக்குச் சென்று, இரக்கம் காட்டுவாராக அன்றி, முறை கேட்பாராக அமர்க. மன்றம் என்று கூடுமோ, அறியோம்; அது கூடும் நாளில் நம் கையில் சான்று இல்லை என்னும் பழி மட்டும் நம்மைச் சாராதிருக்கட்டும்!